வேலையை விட்டுட்டு சிற்பம் கத்துக்கப் போலாமா? 82 ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கு

"அக்கா, ரிசிக்னேஷன் லெட்டர் டைப் பண்ணி டிராஃப்ட்ல வெச்சிருக்கேன். அனுப்பவா, வேணாமா?"

ஏழு மாசத்துக்கு முன்னாடி நம்ம சேனல் மெயிலுக்கு வந்த கேள்வி இது. அனுப்பினவருக்கு வயசு 26. சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். சென்னை ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, 4 வருஷ சர்வீஸ். கைக்கு வர்ற சம்பளம் 45,000 ரூபாய். மாசாமாசம் அம்மாவுக்கு 7,000 அனுப்பறார். வேலையை விட்டுட்டு மாமல்லபுரத்துல கல் சிற்பம் கத்துக்கணும்னு ஆசை.

ரெண்டே நிமிஷத்துல பதில் போட்டேன். "வேணாம் தம்பி. சனி, ஞாயிறுல ஹாபியா வெச்சுக்கோங்க."

அதுக்கு அவர் அனுப்பின பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"அக்கா, நீங்க சிஏ படிக்கறப்போ மூணு வருஷம் ஆர்டிகிள்ஷிப் பண்ணதா ஒரு வீடியோல சொல்லியிருக்கீங்க. முதல் வருஷம் ஸ்டைபண்ட் மாசம் 2,000 ரூபாய்தான்னும் சொன்னீங்க. அப்போ உங்க கிட்ட யாராவது வேணாம்னு சொன்னாங்களா?"

யாரும் சொல்லல. ஏன் சொல்லலன்னு யோசிச்சுப் பார்த்தேன். அந்த மூணு வருஷமும் ரூம் வாடகை, சாப்பாடு, பஸ் பாஸ் எல்லாமே எங்க அப்பா பார்த்துக்கிட்டார். நான் தொழில் கத்துக்கறதுக்கான செலவை வேற ஒருத்தர் கட்டிக்கிட்டிருந்தார். அது எனக்குச் செலவாவே தெரியல.

அடுத்த சனிக்கிழமையே மாமல்லபுரம் கிளம்பிப் போனேன்.

கத்துக்கற காலத்துக்குக் காசு கட்டறது யாரு?

கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் ஸ்கூல் டூர்லயே பார்த்திருப்பீங்க. 1984-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம். ஆனா அங்க இன்னிக்கும் உளிச் சத்தம் நிக்கலங்கறதை நம்மள்ல பல பேர் காரை நிறுத்திக் கேட்டதில்ல. 2015-ல உலக கைவினைக் கவுன்சில் மாமல்லபுரத்தைக் கல் சிற்பத்துக்கான உலக கைவினை நகரம்னு அங்கீகரிச்சது. 2017-ல மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

அதே ஊர்லதான் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கு. 1957-ல ஒரு பயிற்சி நிலையமா ஆரம்பிச்சது. கன்னியாகுமரில 133 அடி உயர திருவள்ளுவர் சிலையை உருவாக்கின கணபதி ஸ்தபதி பல வருஷம் தலைமை தாங்கினது இங்கதான். கல், மரம், உலோகம், சுதைன்னு சிற்பத்துல தனித்தனிப் பிரிவு உண்டு. மரபு ஓவியம், மரபுக் கட்டடக்கலை படிப்புகளும் இருக்கு. பட்டப்படிப்பு 4 வருஷம்.

என்னை மாதிரி ஆளுக்கு இந்தக் கல்லூரில முக்கியமாப் பட்டது ஒரே விஷயம். அதுக்கு முன்னாடி இந்தத் தொழில் பெரும்பாலும் அப்பாகிட்ட இருந்து பையனுக்கு, மாமாகிட்ட இருந்து மருமகனுக்குப் போச்சு. பட்டறை வீட்டோட இருக்கும். பையன் பத்து வருஷம் கத்துக்கிட்டாலும் சாப்பாடு அதே அடுப்புல இருந்துதான் வரும். அதாவது பயிற்சிக் காலத்தோட செலவைக் குடும்பம் கட்டுச்சு. அரசாங்கம் கல்லூரி திறந்ததும் அந்தச் செலவுல ஒரு பகுதியை அரசு ஏத்துக்கிச்சு. அந்தக் குடும்பங்கள்ல பொறக்காதவங்களும் உள்ள வர முடிஞ்சது.

நம்ம தம்பிக்கு ரெண்டும் இல்ல. பட்டறைக் குடும்பம் கிடையாது. ஏற்கெனவே ஒரு டிகிரி முடிச்சாச்சு, இன்னொரு 4 வருஷம் உட்கார முடியாது. பட்டறைல சேர்ந்துதான் கத்துக்கணும். அப்போ அவரோட பயிற்சிக் காலத்துக்குக் காசு கட்டப்போறது அவரோட சேமிப்பு மட்டும்தான். அது போதுமான்னு பார்க்காம நான் "வேணாம்"னு சொன்னதும் தப்பு. அவர் லெட்டர் டைப் பண்ணதும் தப்பு.

பட்டறைல நான் பார்த்தது

ஈசிஆர் ஓரமா ஒரு பட்டறை. ஸ்தபதி ஐயாவுக்கு அறுபது வயசுக்கு மேல. "புதுசா ஒருத்தர் வந்தா முதல்ல என்ன கத்துக்கொடுப்பீங்க?"ன்னு கேட்டேன்.

"உளி அடிக்கவே விடமாட்டேன்மா. உளியைக் கூர் போடச் சொல்வேன்."

கருங்கல்லுல வேலை செஞ்சா முனை மழுங்கிக்கிட்டே இருக்கும். நெருப்புல காய்ச்சி, அடிச்சு, தண்ணில தோய்ச்சு எடுக்கணும். தோய்ச்சல் அதிகமானா முனை உடையும், குறைஞ்சா மடங்கும். அதோட கூடவே அளவு வரையக் கத்துக்கணும். சிவன், விஷ்ணு மாதிரி பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது உயரத்தை 124 பங்காப் பிரிக்கற அளவு. அம்மன் சிலைக்கு மத்தியம தசதாளம், 120 பங்கு. எந்தப் பங்குல மூக்கு முடியணும், எந்தப் பங்குல தொப்புள் வரணும்னு கை தானா வரையற வரைக்கும் பேப்பர்தான். கல்லைத் தட்டிப் பார்த்து வர்ற ஒலியை வெச்சு ஆண் கல், பெண் கல்னு பிரிக்கறதும் பாடத்துல உண்டு.

"தனியா ஒரு சிலையை எடுத்து முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆளைப் பொறுத்தது. மூணு வருஷத்துக்குக் குறைஞ்சு யாராவது சொன்னா நம்பாதீங்க."

சரி, மூணு வருஷம். எனக்கு வேண்டிய முதல் நம்பர் கிடைச்சுது.

இன்னொன்னும் கண்ணுல பட்டது. இப்போ கரடு வேலைக்குப் பெரும்பாலும் மின்சாரக் கட்டிங் மெஷின்தான். தண்ணி விடாம அறுக்கறப்போ வெள்ளையா தூசி கிளம்புது. கருங்கல் தூசில சிலிக்கா இருக்கு. வருஷக்கணக்கா சுவாசிச்சா சிலிகோசிஸ்னு நுரையீரல் நோய் வரலாம். வந்தா குணமாக்க மருந்து கிடையாது. அங்க இருந்த பசங்கள்ல பாதிப் பேர் துண்டைத்தான் மூக்குல கட்டியிருந்தாங்க. துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. நல்ல மாஸ்க்கும், தண்ணி விட்டு அறுக்கறதும் கட்டாயம். ஹெல்த் இன்சூரன்ஸும் கட்டாயம்னு நோட்டுல எழுதிக்கிட்டேன்.

இப்போ கணக்கு

பட்டறைல கத்துக்கறவங்களுக்குக் கிடைக்கற கூலி இடத்துக்கு இடம் மாறும். கீழ இருக்கறது அந்தத் தம்பியும் நானும் சேர்ந்து போட்ட அனுமானம். உங்க நம்பரை நீங்க போட்டுக்கோங்க.

மாமல்லபுரத்துல ரூம், சாப்பாடு, மத்த செலவு மாசம் 18,000. அம்மாவுக்கு 7,000. மொத்தம் 25,000.

முதல் வருஷம் கூலி மாசம் 6,000னு வெச்சா, மாசப் பற்றாக்குறை 19,000. வருஷத்துக்கு 2,28,000.

ரெண்டாவது வருஷம் கூலி 12,000. பற்றாக்குறை 13,000. வருஷத்துக்கு 1,56,000.

மூணாவது வருஷம் கூலி 18,000. பற்றாக்குறை 7,000. வருஷத்துக்கு 84,000.

மூணு வருஷப் பற்றாக்குறை மட்டும் 4,68,000. இதோட இன்சூரன்ஸ் பிரீமியம் வருஷம் 15,000 வீதம் 45,000. சொந்தக் கருவிகள் 40,000. ஆறு மாசத்துக்கான எமர்ஜென்சி ஃபண்ட் 1,50,000.

மொத்தம் 7,03,000 ரூபாய்.

இது கைல இருக்க வேண்டிய பணம். விட்டுக்கொடுக்கற வருமானம் வேற. மூணு வருஷ சம்பளம் 16,20,000. பட்டறைக் கூலி 4,32,000-ஐக் கழிச்சா 11,88,000. இன்கிரிமென்ட் கூட சேர்க்கல. இந்த நம்பரைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கும். பரவாயில்ல, கலக்கட்டும். தெரிஞ்சு விட்டுக்கொடுக்கறதுக்கும் தெரியாம இழக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

தம்பி கைல இருந்தது 3,90,000. இன்னும் வேண்டியது 3,13,000. மாசம் 17,000 சேமிக்க முடியும். வகுத்துப் பார்த்தா 19 மாசம்.

19 மாசத்துல 82 ஞாயிற்றுக்கிழமை வருது.

"வேணாம்"ங்கற என் பதிலை மாத்திக்கிட்டேன். "82 ஞாயிறு பட்டறைக்குப் போங்க. வேலைல இருந்துகிட்டே. அதுக்கு அப்புறமும் ஆசை இருந்தா, பணமும் இருக்கும், லெட்டரை அனுப்புங்க."

லெட்டர் அனுப்பறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

சிற்பம்னு இல்ல. மண்பாண்டம், நெசவு, மரவேலை, பேக்கரி, எதைக் கத்துக்க வேலையை விட்டாலும் இந்த லிஸ்ட் பொருந்தும்.

1. கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியர்னா பொதுவா 5 வருஷ சர்வீஸ் வேணும். தம்பியோட பேசிக் 22,000. 5 வருஷம் முடிச்சா சுமார் 63,000 ரூபாய் வரும். நாலு வருஷத்துல கிளம்பினா அது போச்சு. கோபத்துல ரிசைன் பண்றவங்க அதிகமா விடற காசு இதுதான்.

2. பிஎஃப். 5 வருஷ தொடர் சர்வீஸ் இல்லாம எடுத்தா பொதுவா வரி உண்டு. அவசரம் இல்லன்னா தொடவே வேணாம். "கோர்ஸுக்கு பிஎஃப்ல எடுத்துக்கறேன்"னு தயவுசெஞ்சு பிளான் போடாதீங்க.

3. ஹெல்த் இன்சூரன்ஸ். கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். சொந்த பாலிசியை வேலைல இருக்கும்போதே எடுங்க. வெயிட்டிங் பீரியட் இப்போவே ஓட ஆரம்பிக்கும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த், லைஃப் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அம்மா, அப்பா உங்க சம்பளத்தை நம்பி இருந்தா டேர்ம் பாலிசியும் சம்பள ஸ்லிப் இருக்கும்போதே எடுத்துடுங்க.

4. பணத்தை எங்க வெக்கறது? ரெண்டு வருஷத்துல தேவைப்படற காசு ஷேர் மார்க்கெட்ல இருக்கக் கூடாது. ஆர்டி, எஃப்டி, லிக்விட் ஃபண்ட் போதும். மார்க்கெட் விழுந்த மாசத்துல நீங்க வேலையை விட வேண்டி வந்தா, அந்த 20 சதவீத இறக்கம் உங்க பயிற்சிக் காலத்துல இருந்து ஆறு மாசத்தைக் கடிச்சுடும்.

5. கடன். பெர்சனல் லோன் ஈஎம்ஐ ஓடிக்கிட்டிருந்தா, முடியற வரைக்கும் கிளம்பாதீங்க. 6,000 ரூபாய் கூலில 8,000 ரூபாய் ஈஎம்ஐ கட்ட முடியாது.

6. அரசுத் திட்டங்கள். ஒன்றிய அரசோட பிஎம் விஸ்வகர்மா 2023 செப்டம்பர்ல வந்தது. 18 தொழில்கள், கருவிக்கு 15,000, பயிற்சி நாளுக்கு 500, ரெண்டு தவணையா 3 லட்சம் வரை 5 சதவீத வட்டில கடன். ஆனா இதைத் தமிழ்நாடு அரசு அப்போ ஏத்துக்கல. அதுக்குப் பதிலா 2025-ல கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000. குறைஞ்சபட்ச வயசு 35. நம்ம தம்பிக்கு 26. அதனால அவர் கணக்குல ரெண்டையும் சேர்க்கல. திட்ட விதிகள் மாறும், விண்ணப்பிக்கும்போது பாருங்க. கிடைச்சா போனஸ். அதை நம்பி வேலையை விடாதீங்க.

கத்துக்கிட்டதுக்கு அப்புறம்?

இங்கதான் பல பேர் வழுக்கறாங்க. சம்பளக்காரங்களுக்கு 1-ஆம் தேதி காசு வந்துடும். கைவினைத் தொழில்ல காசு வர்ற தேதியே வேற.

ஒரு உதாரணம். 1,20,000 ரூபாய்க்கு ஒரு சிலை ஆர்டர். அட்வான்ஸ் 50,000. கல்லும் லாரி வாடகையும் 30,000. உதவியாள் கூலி 35,000. மூணு மாச வேலை. மிச்சம் 70,000 டெலிவரிக்கு அப்புறம்.

லாபம் 55,000. மாசத்துக்குப் பிரிச்சா 18,333. சரி, ஆனா அந்த மூணு மாசமும் கைல என்ன இருக்கு? வந்தது 50,000, போனது 65,000. 15,000 கைக்காசு. வீட்டுச் செலவு மாசம் 25,000 வீதம் 75,000. ஆக, லாபம் வர்ற ஒரு ஆர்டரை முடிக்கவே 90,000 ரூபாய் முன்கூட்டி வேணும். இந்தக் காசு இல்லாதவங்கதான் பாதி விலைக்கு இடைத்தரகர்கிட்ட கொடுக்கறாங்க. திறமை குறைஞ்சதால இல்ல. பொறுக்க முடியாததால.

போட்டியும் இருக்கு. கம்ப்யூட்டர் வரைபடத்தை வெச்சு மெஷினே கல்லையும் மரத்தையும் குடையற காலம் இது. சின்னச் சின்ன அலங்காரப் பொருள்ல மெஷினோட விலைக்கு நிக்க முடியாது. கோயில் வேலை, அளவு தெரிஞ்சு செய்யற வேலை, இதுலதான் மூணு வருஷப் பயிற்சிக்கு மதிப்பு.

வரி விஷயம் சுருக்கமா. வீக்எண்ட்ல செஞ்சு வித்தாலும் அது பிசினஸ் வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும். அனுமான வரி முறைல டிஜிட்டலா வந்த வரவுக்குக் குறைஞ்சது 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம்னு காட்டலாம். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: பிசினஸ் வருமானம் வந்துட்டா, பழைய வரி முறைக்கும் புது முறைக்கும் வருஷா வருஷம் மாறிக்க முடியாது. ஜிஎஸ்டில, மாநிலத்துக்குள்ள பொருள் விற்பனை வருஷம் 40 லட்சம் வரை ரெஜிஸ்ட்ரேஷன் வேணாம். வெளி மாநிலத்துக்கு அனுப்பினா சாதாரணமா கட்டாயம். ஆனா பட்டியல்ல இருக்கற கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு இருக்கு. பான் கார்டும் ஈ-வே பில்லும் வேணும்.

ஞாயிற்றுக்கிழமைகள் செஞ்ச வேலை

தம்பி போக ஆரம்பிச்சார். முதல் எட்டு வாரம் உளி கூர் போடறதும் அளவு வரையறதும்தான். பத்தாவது வாரம் மணிக்கட்டு வீங்கிடுச்சு. திங்கக்கிழமை கீபோர்ட் தட்ட முடியல. டாக்டர் ரெண்டு வாரம் ஓய்வு சொன்னார். அந்த ரெண்டு ஞாயிறும் சும்மா இருக்க முடியாம, பக்கத்துல மர வேலை நடக்கற பட்டறைல போய் உட்கார்ந்திருக்கார்.

"அக்கா, எனக்குக் கல் பிடிக்கும்னு நினைச்சேன். மரம்தான் பிடிக்குது"ன்னு மெசேஜ் வந்துச்சு.

இதை அவர் லெட்டர் அனுப்பிட்டு, ரூம் எடுத்துட்டு, மூணாவது மாசத்துல கண்டுபிடிச்சிருந்தா? நினைச்சாலே எனக்குப் பகீர்னு இருக்கு.

அடுத்தது அந்த மரப்பட்டறைக்காரர் கேட்ட கேள்வி. "பெரம்பலூர்க்காரன்னு சொல்ற. உங்க மாவட்டத்துலயே அரும்பாவூர் இருக்கே, எதுக்கு இவ்வளவு தூரம் வர்ற?"

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சது. தம்பி பொறந்து வளர்ந்த மாவட்டம். அவருக்கே தெரியாது!

உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டோம். வீட்டுல இருந்து போய் வந்தா ரூம் வாடகை இல்ல. வீட்டுக்குக் கொடுக்கறதையும் சேர்த்து மாசச் செலவு 16,000. அதே கூலி அனுமானம்தான். முதல் வருஷப் பற்றாக்குறை 1,20,000. ரெண்டாவது வருஷம் 48,000. மூணாவது வருஷம் பற்றாக்குறையே இல்ல. இன்சூரன்ஸ் 45,000, கருவி 40,000, ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட் 96,000. மொத்தம் 3,49,000.

7,03,000 எங்க, 3,49,000 எங்க! அவர் கைல ஏற்கெனவே இருந்த பணமே போதும். "அப்போ நாளைக்கே அனுப்பவா?"ன்னு கேட்டார். 5 வருஷம் முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான், கிராஜுவிட்டியை வாங்கிட்டுப் போங்கன்னேன். அதுவரை சேர்ற பணம் முதல் ஆர்டருக்கான கைக்காசா இருக்கட்டும்.

போன வாரம் அவங்க அம்மா போன் பண்ணாங்க. "மேடம், ஏசி ரூம்ல உட்கார்ந்து வேலை பார்க்கற புள்ளைய, நீங்கதான் மரம் செதுக்கச் சொன்னீங்களாமே?"

நான் சொல்லலம்மா, கணக்கு மட்டும்தான் போட்டுக் கொடுத்தேன்னு சொன்னேன். மாசாமாசம் உங்களுக்கு வர்ற 7,000 நிக்காது, அது அந்தக் கணக்குக்குள்ளயே இருக்குன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "சாப்பாடு என் கையால சாப்பிடுவான்ல, அதுவே போதும்"னு வெச்சுட்டாங்க.

பழைய பட்டறைக் குடும்பங்கள்ல பயிற்சிக் காலத்துக்குக் காசு கட்டினது அந்த அடுப்புதான். எனக்கு எங்க அப்பா. தம்பிக்குப் பாதி அவரோட சேமிப்பு, பாதி அவங்க அம்மாவோட அடுப்பு. உங்களுக்கு யாருன்னு ஒரு பேப்பர்ல பெயரும் தொகையும் எழுதிப் பாருங்க. அந்த இடம் காலியா இருந்தா, லெட்டர் டிராஃப்ட்லயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைல இருந்து ஆரம்பிங்க.

இந்தக் கணக்கை எக்செல் ஷீட்டா சேனல்ல போட்டிருக்கேன். உங்க சம்பளம், செலவு, கூலி அனுமானம் மூணையும் போட்டா, உங்களுக்கு எத்தனை ஞாயிறு வேணும்னு அதுவே சொல்லும். வந்த நம்பரை கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.